மிரண்ட நாய் எப்படித் தேறுகிறது?

2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் சர்ரி வட்டாரத்தில் ஒரு வீட்டைப் போலீசார் சோதனையிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்தில் பெரிய நட்சத்திரமாக இருந்த மைக்கேல் விக்குக்குச் சொந்தமான வீடு அது. வீட்டின் பின்புறம், மரங்களுக்கிடையே, ஏறத்தாழ ஐம்பது பிட்புல் நாய்கள் கிடந்தன. அவற்றில் பல, மண்ணில் புதைத்த கார் அச்சுகளில் கனத்த சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தன. பந்தயச் சண்டைக்காக வளர்க்கப்பட்டவை. சரியாகச் சண்டை போடாதவற்றை அங்கேயே கொன்றுபோட்டிருந்தார்கள்.

அதுவரை இப்படிப் பிடிபடும் நாய்களை வழக்கு முடிந்ததும் கொன்றுவிடுவதுதான் நடைமுறை. இந்த முறை ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதிக்க நீதிமன்றம் இசைந்தது. ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியர் அவற்றின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். விலங்கு நடத்தை அறிஞர் ஸ்டீபன் ஜவிஸ்டோவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு நாய்களைப் பார்க்கப் போனது. மேலே பாயும் என்று ஊரே பேசிய அந்த நாய்களில் பல, ஆளைக் கண்டதும் வயிறு மண்ணில் பதிய ஒட்டிப் படுத்துக்கொண்டன. தலையைக்கூடத் தூக்கவில்லை. மூர்க்கம் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டது ஒரே ஒரு நாய்தான். 22 நாய்கள் யூட்டா மாநிலத்துக் கனாப் ஊரிலுள்ள பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. மற்றவை வேறு மீட்பு அமைப்புகளுக்குப் போயின. அப்படிப் போனவற்றில் ஒன்றுக்கு ஜானி ஜஸ்டிஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது, வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் கதைப் புத்தகத்தை உரக்கப் படிக்கும்போது அவர்கள் பக்கத்தில் அமைதியாகப் படுத்திருந்து கேட்கும் நாயாக ஆனது.

அந்த நாய்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அவை பட்ட கொடுமையைப் பற்றியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்தைய பகுதி. எழுந்து நிற்கவே மறுத்த ஒரு நாய் எப்படி மறுபடி நடந்தது? அன்பு காட்டியதால் என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்போடு நீட்டிய கையைக் கண்டுதானே அது இன்னும் ஒடுங்கியது? அன்புக்கும் முன்னால் அந்த நாய்க்கு வேறொன்று தேவைப்பட்டது. அது என்ன என்று கண்டுபிடிக்க அறிவியலுக்கு ஐம்பது ஆண்டு ஆயிற்று.

பயந்த நாயின் உடலுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆபத்து என்று எதையாவது உணர்ந்த மாத்திரத்தில் மூளையின் அமிக்டலா பகுதி உடலை உசுப்புகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. சற்றுப் பிந்தி கார்ட்டிசால் ஏறுகிறது. அது இறங்குவதற்கு நேரம் பிடிக்கும். ஒஹையோ மாநிலத்தின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹென்னசியும் குழுவினரும் காப்பக நாய்களின் இரத்தத்தைச் சோதித்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் அந்த நாய்களின் கார்ட்டிசால், வீட்டு நாய்களுக்கு இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்தது.

இந்தக் கட்டத்தில் நாய் ஓடலாம், உறுமலாம், கடிக்கலாம், அல்லது அசையாமல் உறைந்துபோகலாம். கடைசியில் சொன்னதுதான் மனிதர்களை ஏமாற்றுகிறது. "ரொம்ப சாது, குளிப்பாட்டினாலும் சும்மா நிக்குது, தூக்கினாலும் ஒண்ணும் பண்ணல" என்று காப்பகத்திலிருந்து கொண்டுவந்த முதல் வாரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். விறைத்த உடம்பு, பின்னுக்கு ஒட்டிய காது, வயிற்றுக்கடியில் செருகிய வால், கடைக்கண்ணில் தெரியும் வெள்ளை, தூக்கம் வராமலே விடும் கொட்டாவி, எதிரில் சாப்பாடு இல்லாதபோதும் மூக்கை நக்கிக்கொள்வது, கோழிக்கறியைக்கூட முகர்ந்து பார்க்காமல் இருப்பது: இவையெல்லாம் சேர்ந்திருந்தால் அந்தச் சாதுத்தனம் பயத்தின் உச்சம். சில வாரம் கழித்து அதே நாய் முதன்முதலாக உறுமும்போது, கெட்டுப்போய்விட்டது என்று வீட்டார் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது தேறத் தொடங்கியிருக்கிறது. எதிர்ப்பைக் காட்டினால் பலன் இருக்கும் என்ற எண்ணம் அதற்குள் எழுந்திருக்கிறது.

நாய் ஏன் பயப்படுகிறது என்று கேட்டால் "யாரோ அடிச்சிருக்காங்க" என்பதுதான் உடனே வரும் பதில். சில நாய்களைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அடியே படாத நாயும் இதே அளவு மிரளும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஃபிரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் நடத்திய ஆய்வு 1961இல் வெளியானது. உயரமான வேலியிட்ட திறந்த வெளியில் தாயோடு நாய்க்குட்டிகள் வளர்ந்தன. மனித வாடையே படாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பிரிவுக் குட்டிகளையும் ஒவ்வொரு வயதில் ஒரே ஒரு வாரம் மட்டும் உள்ளே கொண்டுவந்து மனிதரோடு பழகவிட்டார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் அந்த ஒரு வாரம் கிடைத்த குட்டிகள் மனிதரோடு நன்றாகவே ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம்வரை யாரையும் பார்க்காத குட்டிகளோ காட்டு விலங்குபோல் வெருண்டு ஓடின. அவற்றை யாரும் அடிக்கவில்லை. பழக வேண்டிய வயதில் பழகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறப்போடு வரும் பங்கும் உண்டு. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாயின்டர் இன நாய்களில் அச்சம் மிகுந்தவற்றை அச்சம் மிகுந்தவற்றோடு தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தபோது, ஆளைக் கண்டால் சிலையாகிவிடும் ஒரு வம்சமே உருவானது. குட்டிகளைத் தைரியமான தாயிடம் விட்டு வளர்த்தும் பெரிய மாற்றம் ஏற்படவில்லை.

நம்மூர்த் தெருநாயைத் தத்தெடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தெருவில் பிறந்த குட்டி அந்த முக்கியமான வாரங்களில் லாரியைப் பார்த்திருக்கும், மீன்காரரைப் பார்த்திருக்கும், மழையையும் மாட்டையும் பார்த்திருக்கும். ஆனால் மிக்சி, குக்கர் விசில், லிஃப்ட், கால் வழுக்கும் டைல்ஸ் தரை, சாத்திய கதவு ஆகியவை அதன் உலகத்தில் இருந்ததே இல்லை. டீக்கடை வாசலில் ராஜாவாகத் திரிந்த நாய் மூன்றாம் மாடி வீட்டில் கட்டிலுக்கடியிலிருந்து வர மறுப்பது இதனால்தான். தெருவில் அதற்கு ஒரு பெரிய வசதியும் இருந்தது. பிடிக்காத ஆள் வந்தால் எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் அது முடியாது.

விலகிப் போக முடியும் என்ற இந்த வசதி எவ்வளவு பெரியது என்பது பிலடெல்பியாவில் நடந்த ஒரு வேதனையான ஆராய்ச்சியிலிருந்து தெரியவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவர்களாக இருந்த மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் அதை 1967இல் வெளியிட்டார்கள். நாய்கள் மூன்று பிரிவு. முதல் பிரிவுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். தலையால் பக்கத்துப் பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் பிரிவுக்கும் அதே அளவு, அதே நேரம் அதிர்ச்சி, ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. மறுநாள் எல்லா நாய்களையும் நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த பெட்டியில் விட்டார்கள். ஒரு பக்கம் அதிர்ச்சி வரும். தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல் பிரிவும் மூன்றாம் பிரிவும் தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை முனகிக்கொண்டு படுத்துவிட்டன.

வலி இரண்டு பிரிவுக்கும் சமம். ஒடித்தது வலி மட்டுமல்ல, தன் செயலால் எதுவும் மாறாது என்ற நிலை. இதற்குக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்று பெயரிட்டார்கள். உளவியல் பாடப் புத்தகங்களில் எல்லாம் அது ஏறியது. இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைப்பது அரிது, கிடைக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த நாய்கள் பட்ட பாட்டிலிருந்து தெரியவந்ததை வேறு நாய்களுக்குப் பயன்படுத்தாமல் விடுவது இன்னும் பெரிய அநியாயம்.

கதை அதோடு முடியவில்லை. மேயர் பின்னர் மூளை ஆராய்ச்சிக்குப் போனார். எலிகளில் பல்லாண்டு ஆராய்ந்த பிறகு 2016இல் அவரும் செலிக்மனும் சேர்ந்து, தாங்கள் 1967இல் சொன்னது தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். நீடித்த துன்பம் வந்தால் மூளைத்தண்டில் செரட்டோனின் சுரக்கும் ஒரு நரம்புக் கூட்டம் தானாகவே விழித்து உடலை முடக்கிப்போடுகிறது. முடங்குவதை யாரும் கற்க வேண்டியதில்லை. பாலூட்டியின் மூளையில் அது ஏற்கெனவே இருக்கிறது. கற்க வேண்டியது மற்றொன்று. நான் இதைச் செய்தால் அது நிற்கும் என்று கண்டுகொள்ளும்போது மூளையின் முன்பகுதி அந்த நரம்புக் கூட்டத்தை அடக்குகிறது. இப்படி ஒருமுறை கட்டுப்பாட்டை அனுபவித்த விலங்கு, பின்னர் தப்ப வழியில்லாத துன்பம் வந்தாலும் எளிதில் முடங்குவதில்லை.

மிரண்ட நாயை வீட்டுக்குக் கொண்டுவருபவர் அறிந்திருக்க வேண்டிய அறிவியலில் இதற்கு முதலிடம் தருவேன். தைரியத்தை நாம் தடவிக் கொடுத்து ஊட்ட முடியாது. நான் விலகினால் விடுகிறார்கள், நான் நெருங்கினால் நல்லது நடக்கிறது, நான் வேண்டாம் என்றால் நிறுத்துகிறார்கள் என்று நாய் தன் அனுபவத்தில் திரும்பத் திரும்பக் காண வேண்டும். காப்பக வேலையில் அனுபவப்பட்டவர்கள் செய்வதையெல்லாம் கூர்ந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒன்றுக்குள் அடங்கும்.

முதல் சில நாட்களுக்கு நாய்க்கு ஒரு மூலை போதும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும், தண்ணீரும் படுக்கையும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அங்கே போய்விட்டால் யாரும் தொட மாட்டார்கள் என்பதை வீட்டிலுள்ள குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். புது நாயைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வருவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். கட்டிலுக்கடியில் கிடக்கும் நாயைக் கையை விட்டு இழுப்பது, அதன் கடைசிப் புகலிடமும் பாதுகாப்பில்லை என்று கற்றுக்கொடுப்பதாகும்.

சாப்பாடு கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்ளங்கையில் கறித்துண்டை வைத்து "வா, வா" என்று கூப்பிடுவதே பலரும் செய்வது. பசி முன்னால் இழுக்க, பயம் பின்னால் இழுக்க, நாய் கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால் ஓடத் தயாராக நிற்க, துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். ஓடும் வழியில் தான் எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்பது உறைத்து மேலும் பயப்படும். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், வேகவைத்த கோழித் துண்டை நாய்க்குப் பின்னால் விழும்படி எறிகிறார்கள். நாய் விலகிப் போய் எடுக்கிறது. அதற்கு இரண்டு பரிசு: கறியும் கிடைத்தது, இடைவெளியும் கிடைத்தது. சாப்பிட்டுத் திரும்பும்போது, யாரும் அழைக்காமல், அது தானாக இரண்டடி முன்னே வரும். மறுபடி பின்னால் எறிகிறார்கள். எவ்வளவு நெருங்குவது என்பதை ஒவ்வொரு தடவையும் நாயே முடிவு செய்கிறது. பார்ப்பவருக்கு நாயைத் துரத்துவதுபோல் தோன்றும். அது நெருங்கி வருவதற்கு இதைவிட வேகமான வழி இல்லை என்றே சொல்வேன்.

தொடுவதும் அப்படித்தான். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகாமல், நாய் தானாக வந்து முகர்ந்த பிறகு நெஞ்சுப் பக்கமோ தோள் பக்கமோ மூன்று நொடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் நாய் உடம்பைச் சாய்க்கும், அல்லது மூக்கால் கையை முட்டும். வேண்டாமென்றால் முகத்தைத் திருப்பும். அந்தச் சின்னத் திருப்பலை மதிக்கும் வீட்டில் நாய்க்கு உறும வேண்டிய அவசியமே குறைந்துபோகிறது.

உறுமலுக்காக அதட்டுவதும் அடிப்பதும் இங்கே பெரிய கேடு. உறுமல் ஒரு முன்னெச்சரிக்கை. அதைத் தண்டித்து நிறுத்தினால் எச்சரிக்கை மட்டும் நிற்கும், பயம் அப்படியே இருக்கும், அடுத்த முறை சத்தமில்லாமல் கடி விழும். போர்ச்சுகலின் போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் அனா கத்தரீனா வியேரா டி காஸ்ட்ரோ குழுவினர் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே. தண்டனை மிகுந்த பள்ளிகளில் பயின்ற நாய்கள் பயிற்சியின்போது அதிகம் பதற்றம் காட்டின, அவற்றின் கார்ட்டிசால் அதிகம் ஏறியது. கிண்ணத்தில் உணவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற சோதனையில், இருக்காது என்று நினைப்பதுபோலவே அவை தயங்கின.

பயந்த பொருளைப் பிடித்த பொருளோடு சேர்த்துப் பழக்கும் முறை நூறாண்டுப் பழையது. 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, பின் கொஞ்சங்கொஞ்சமாக நெருக்கமாகக் கொண்டுவந்தார். நாளடைவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். நாய்க்கும் இதே வழி. மோட்டார் சைக்கிளைக் கண்டு மிரளும் நாயை, அது வண்டியைப் பார்க்கவும் வேண்டும், சாப்பிடவும் வேண்டும் என்ற தூரத்தில் நிறுத்த வேண்டும். சாப்பிட மறுத்தால் தூரம் போதாது என்று பொருள். வண்டி முதலில், கறித்துண்டு அடுத்து என்ற வரிசையும் முக்கியம். கறியை முதலில் நீட்டினால், கறி வந்தாலே வண்டி வரும் என்று நாய் கறியையே சந்தேகிக்கத் தொடங்கும்.

அதே 1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரத்தில் பெரு வெள்ளம். உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வக நாய்க் கூண்டுகளுக்குள் தண்ணீர் ஏறியது. கழுத்தளவு நீரில் தத்தளித்த நாய்களை ஊழியர்கள் நீந்தவைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு சில நாய்களிடம் அதுவரை பழக்கியிருந்த எதுவுமே வேலை செய்யவில்லை. மணியோசை, உணவு எதற்கும் அசையாமல் ஓய்ந்துபோயின. பாவ்லோவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு நாயிடம் கவனித்தது எனக்கு மிகவும் பிடித்தமானது. வழக்கமாகப் பக்கத்து அறையிலிருந்து ஆய்வு நடத்துபவர், நாய் இருந்த அறைக்கே வந்து அதோடு உட்கார்ந்தார். நாயிடம் மறந்துபோன பழக்கங்கள் திரும்பின. அவர் போய்விட்டால் மறைந்தன. அவர் உடுத்திய துணியைக் கண்ணில் படாமல் அறையில் வைத்தாலும் பலன் இருந்தது. தெரிந்தவரின் வாடையே அதற்குப் போதுமான துணையாக இருந்திருக்கிறது. வாரக்கணக்கில் தேறிய பின் ஒரு நாள், சோதிப்பதற்காகக் கதவிடுக்கு வழியே கொஞ்சம் தண்ணீரை அறைக்குள் ஓடவிட்டார்கள். நாய் மறுபடி நிலைகுலைந்தது.

பயம் அழிவதில்லை என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் பௌட்டன் பின்னாட்களில் இதை விரிவாக ஆராய்ந்தார். பயத்தைப் போக்கும்போது பழைய நினைவு துடைக்கப்படுவதில்லை; அதன் பக்கத்தில், இங்கே இது ஆபத்தில்லை என்ற புதிய நினைவு உருவாகிறது. இந்தப் புதியது இடத்தோடு கட்டுண்டது. வீட்டுக் கூடத்தில் தாத்தாவிடம் பழகிய நாய், மொட்டைமாடியில் அதே தாத்தாவைக் கண்டு குரைக்கலாம். இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் பழையபடி ஒளியலாம். பயிற்சி பாழாகிவிட்டது என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. இடம் மாறி, ஆள் மாறி, நேரம் மாறிப் பழக்கும்போதுதான் புதிய நினைவு பரவலாக வேர்விடும்.

நாய் நடுங்கும்போது ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்று ஓர் எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. நாய் வேண்டுமென்று நடுங்குவதில்லை. பரிசு கிடைத்தது என்பதற்காக யாரும் அதிகம் பயப்படத் தொடங்குவதில்லை. அருகில் வந்து ஒட்டிக்கொள்ளும் நாயை அணைத்துக்கொள்ளலாம். ஒளியப் போகும் நாயை ஒளிய விடலாம். புடாபெஸ்டில் மார்த்தா காச்சியும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்து நாய்களோடு ஒரு மனிதர் மூன்றே முறை, பத்துப் பத்து நிமிடம் பழகியதற்கே அவரிடம் பற்றுக்கொண்டதன் அடையாளங்களை அவை காட்டின. அவ்வளவு ஏக்கம் அங்கே தேங்கியிருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே தைரியமான ஒரு நாய் இருந்தால் அது நம்மைவிட நல்ல ஆசிரியர். மனிதரை நம்பாத நாய்கூட, அந்த மனிதரை நம்பும் இன்னொரு நாயைப் பார்த்து மெல்ல நெருங்கி வருவதைக் காப்பகங்களில் அன்றாடம் காணலாம்.

விளையாட்டுகளில் மோப்பத்துக்கு ஈடு வேறில்லை. ஷார்லட் துராந்தோன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவு நாய்கள் இரண்டு வாரம் மறைத்த உணவை மோந்து தேடிப் பழகின. இன்னொரு பிரிவு அதே இரண்டு வாரம் எசமானரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகியது. பிறகு, உணவு இருக்குமா என்று உறுதியில்லாத கிண்ணத்தை நோக்கி மோப்ப நாய்கள் முன்பைவிட விரைவாகப் போயின. மற்றவற்றில் அந்த மாற்றம் இல்லை. இரண்டுக்கும் பரிசு உண்டு. வேறுபாடு, மோப்பத்தில் எங்கே போவது என்பதை நாய் தானே தீர்மானிக்கிறது என்பதுதான். காசு செலவில்லாத வேலை இது. பழைய துண்டைச் சுருட்டி நடுவில் நாலு துண்டு கறி, அட்டைப்பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாளோடு கொஞ்சம் வேகவைத்த ஈரல், மாடியில் தூவிய ஒரு கைப்பிடி உணவு. தெருவில் நடக்கும்போதும் ஒரு மின்கம்பத்தை ஐந்து நிமிடம் முகர விரும்பினால் முகரட்டும்.

வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பக் கூடாது. மிரண்ட நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டுவிடும். மார்பையும் வயிற்றையும் சுற்றி வரும் பட்டை, அதோடு கழுத்துப்பட்டை, இரண்டிலும் கயிறு என்று முதல் சில மாதம் இருக்கட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதல் வேலை. பயந்த நாய் கடிக்கக்கூடிய நாய். கடித்தாலோ பிறாண்டினாலோ, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடல்நோவையும் பார்த்துவிட வேண்டும். மூட்டு வலியோ காது வலியோ உள்ள நாய் தொட்டால் சீறுவது இயல்பு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், வலியோடு சேர்ந்து சத்தத்துக்கு அஞ்சிய நாய்களிடம் அந்த அச்சம் மற்ற நாய்களைவிடப் பல ஆண்டு பிந்தியே தொடங்கியிருந்தது. நடுவயதில் திடீரென வந்த பயம் என்றால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவர்.

எத்தனை நாய்கள் தேறும்? வர்ஜீனியா நாய்களைப் பரிசோதித்த ஜவிஸ்டோவ்ஸ்கி பணிபுரிந்த ஏஎஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு, கடும் அச்சத்தில் உழலும் நாய்களுக்கென்றே 2013இல் நியூ ஜெர்சியில் ஒரு மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியது. பின்னர் 2018இல் வட கரோலினாவின் வீவர்வில் ஊரில் நிரந்தர மையம் கட்டியது. நாய்களைக் கூட்டங்கூட்டமாக அடைத்து வதைத்தவர்களிடமிருந்தும், குட்டி விற்பனைக்காகக் கூண்டிலேயே வைத்திருந்தவர்களிடமிருந்தும் மீட்கப்பட்டவை அங்கே வந்தன. சாதாரணமாக யாரும் தத்தெடுக்கத் துணியாத நாய்கள். 2022இல் வெளியான அவர்களின் அறிக்கைப்படி 441 நாய்களில் 86 விழுக்காடு வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குத் தேறின. சராசரியாக மூன்று மாதம் அளவுக்குத் தினசரிப் பயிற்சி தேவைப்பட்டது. ஒரு வாரத்தில் மாறவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். முழுநேரத் தொழிலாக இதைச் செய்பவர்களுக்கே மூன்று மாதம் ஆகிறது.

தேறின என்றால் பயமே இல்லாமல் போயின என்று பொருளில்லை. ஃபிராங்க்ளின் மக்மில்லனும் குழுவினரும் குட்டி உற்பத்திப் பண்ணைகளிலிருந்து மீண்டு வீடுகளில் வாழும் 1,169 நாய்களின் வளர்ப்பாளர்களிடம் விவரம் கேட்டு 2011இல் வெளியிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆண்டுகள் ஆன பிறகும் அவற்றில் பல, மற்ற வீட்டு நாய்களைவிட அதிகமாக அஞ்சின. சந்தைக்கும் கடற்கரைக்கும் கூட வரும் நாயாகச் சிலது ஒருபோதும் ஆகாது. வீட்டாரிடம் மட்டும் வாலாட்டி, விருந்தாளி வந்தால் உள்ளறைக்குப் போய்விடும் நாய் நிம்மதியாகத்தான் வாழ்கிறது. எல்லோரோடும் பழக வேண்டும் என்று அதை வற்புறுத்துவது நம் ஆசை.

இவ்வளவும் செய்தும் சாப்பிடாமல், தூங்காமல், சின்ன ஒலிக்கெல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கும் நாய்க்கு மருந்து தேவைப்படலாம். நாய்க்கு மருந்து கொடுத்து மயக்கி வைப்பதா என்று தயங்க வேண்டாம். பதற்றம் உச்சத்தில் இருக்கும் மூளைக்குப் பயிற்சியைக் கற்பது மிகக் கடினம். மருந்து அந்த உச்சத்தைத் தணித்துப் பயிற்சிக்கு இடம் கொடுக்கிறது. ஃப்ளூவாக்செட்டின் போன்றவை முழுப் பலன் தர நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகலாம், தினமும் கொடுக்க வேண்டும். சத்தத்துக்கு மட்டும் மிரளும் நாய்க்கு அந்த நேரத்துக்கு மட்டும் கொடுக்கும் மருந்துகள் தனியே உண்டு. ஆனாலும் தீபாவளிக்கு முதல் நாள் மருத்துவரைத் தேடிப் போவதில் பயன் குறைவு. புரட்டாசி தொடங்கும்போதே போய்விட்டால், எந்த மருந்து, எவ்வளவு, இந்த நாய்க்கு ஒத்துக்கொள்கிறதா என்று வெடிச்சத்தம் இல்லாத ஒரு நாளில் கொடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவகாசம் இருக்கும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை நாமாகவே பாதியாக உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.